மூன்று கட்டா, பத்து வருஷம்

டோக்கியோ, 1920களின் தொடக்கம். ஒகினாவாவிலிருந்து படிக்க வந்த பையன்கள் தங்கும் ஒரு ஹாஸ்டல். பெயர் மெய்செய் ஜுகு. அதன் முற்றத்தை ஐம்பது வயது தாண்டிய, குள்ளமான ஒருவர் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு பத்திரிகை நிருபர் உள்ளே வந்து, கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி எங்கே இருப்பார் என்று அவரிடமே விசாரிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் உள்ளே போகிறார். துடைப்பத்தை வைத்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, திரும்ப வந்து, நான்தான் ஃபுனாகோஷி என்று குனிந்து வணக்கம் சொல்கிறார். அந்த நிருபரின் முகம் எப்படிப் போயிருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாத்துக்கோங்க.

இந்த கிச்சின் ஃபுனாகோஷியோட கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். சின்ன வயசில் சனி, ஞாயிறு காலையில் வெள்ளை டிரெஸ் மாட்டிக்கொண்டு ஸ்கூல் கிரவுண்டில் வரிசையாக நின்று கத்தியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர் மட்டும்தான் தெரியாது. முதல் மாசம் சொல்லிக்கொடுத்த ஹெய்யான் ஷோடான் என்ற கட்டாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் இவர். கராத்தேயில் பிளாக் பெல்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தவரும் இவர்.

நம்மில் நிறைய பேர் பத்தாவது வந்ததும் கராத்தேயை நிறுத்தியிருப்போம். நானும் கிரீன் பெல்ட்டோடு நிறுத்தின ஆள்தான். டியூஷன், போர்டு எக்ஸாம், அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் இந்த காலேஜ். போன லீவில் ஃபுனாகோஷி தன் கடைசிக் காலத்தில் எழுதிய சுயசரிதையைப் படித்தேன். சின்னப் புத்தகம்தான், இரண்டு நாளில் முடிச்சுடலாம். அதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அவருடைய வெற்றி இல்லை. சொல்லப்போனால் அவர் ஒரு போட்டியில்கூட ஜெயிக்கவில்லை, ஏன்னா அவர் காலத்து ஒகினாவாவில் போட்டி என்பதே கிடையாது. பெல்ட் இல்லை, சர்ட்டிஃபிகேட் இல்லை, மெடல் இல்லை. ஆனாலும் பத்து, பதினொரு வயசில் ஆரம்பித்ததை 88 வயது வரை விடவில்லை. எதற்காகப் பண்ணினார் என்பதைவிட, எப்படி விடாமல் இருந்தார் என்பதுதான் எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருந்தது.

1868 நவம்பர் 10 அன்று ஒகினாவாவின் ஷூரி நகரத்தில் பிறந்தார். அப்போது ஒகினாவா ஜப்பானின் ஒரு மாகாணம் இல்லை. ரியூக்யூ என்று தனி ராஜ்யம், தனி ராஜா, ஷூரி அதன் தலைநகரம். 1879இல்தான் ஜப்பான் அந்த ராஜ்யத்தைக் கலைத்துத் தன் மாகாணமாக்கிக்கொண்டது. ஃபுனாகோஷிக்கு அப்போது பத்து வயசு. குடும்பம் சின்ன அளவிலான பிரபு குடும்பம். தாத்தா கன்பூசியஸ் நூல்களைக் கரைத்துக் குடித்த அறிஞர். அப்பா நல்ல மனுஷன், ஆனால் குடி. தாத்தா சேர்த்த சொத்தில் பெரும்பகுதி பேரன் தலையெடுப்பதற்குள் கரைந்துவிட்டது.

பையன் குறைமாதத்தில் பிறந்தவன். நோஞ்சான். ரொம்ப நாள் தாங்க மாட்டான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு நண்பன் கிடைத்தான். அந்த நண்பனுடைய அப்பாதான் அன்கோ அசாட்டோ, ஒகினாவாவின் பெரிய கராத்தே ஆசான்களில் ஒருவர். நண்பன் வீட்டுக்கு விளையாடப் போய்க் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான் தொடக்கம். பெரிய லட்சியம் எல்லாம் ஒண்ணும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் உடம்பு தேற ஆரம்பித்தது. மருந்தால் ஆகாதது இதனால் ஆனது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

இதற்கு நடுவில் நம்மை மாதிரி ஆட்களுக்குப் புரியும் ஒரு சமாச்சாரம் நடந்தது. அவருக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை. டோக்கியோ மருத்துவப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுத 1870க்கு அப்புறம் பிறந்திருக்க வேண்டும் என்று விதி. இவர் பிறந்தது 1868. என்ன செய்தார்? பிறந்த வருஷத்தை 1870 என்று ரெக்கார்டில் மாற்றிக்கொண்டார். (ஆமாம், பெரிய மாஸ்டர்தான், ஆனால் டேட் ஆஃப் பர்த்தை மாத்தினவர்தான்.) தேர்வு எழுதிப் பாஸும் ஆனார். சேர முடியவில்லை. காரணம், குடுமி.

கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த ஊரில் அது உயிர்ப் பிரச்சனை. மெய்ஜி அரசாங்கம் பழைய குடுமியை எடுக்கச் சொன்னது. பள்ளிக்கூடங்களில் குடுமி வைத்தவர்களுக்கு இடம் இல்லை. ஒகினாவாவில் இதை வைத்தே ஊர் இரண்டாகப் பிரிந்தது. மாறுவோம் என்றவர்கள் ஒரு பக்கம், தலையே போனாலும் மாற மாட்டோம் என்ற பிடிவாதக்காரர்கள் இன்னொரு பக்கம். ஃபுனாகோஷி குடும்பம் பிடிவாதக்காரர்கள் பக்கம். ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தும் அட்மிஷன் இல்லை என்ற நிலைமை.

அப்புறம் 1888இல் பள்ளி உதவி ஆசிரியர் வேலை. அதற்கும் குடுமியை எடுத்தாக வேண்டும். இந்தத் தடவை எடுத்துவிட்டார். சீருடையும் தொப்பியுமாக வீட்டுக்குத் திரும்பினார். அப்பாவுக்குப் பேரதிர்ச்சி, கோபத்தில் கத்தினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாசல் வழியாகத் தன் பிறந்த வீட்டுக்கே ஓடிப் போய்விட்டார். அப்போது அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசுதான். முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்த வாத்தியார் வேலை இப்படித்தான் ஆரம்பித்தது.

பகலில் வாத்தியார். ராத்திரியில் மாணவர். அன்றைக்குக் கராத்தே ரகசியமாகக் கற்கும் கலை. இருட்டிய பிறகு கையில் ஒரு விளக்கோடு அசாட்டோ வீட்டுக்கு நடப்பார். நிலா இல்லாத ராத்திரியில் அந்த மங்கல் வெளிச்சம்தான் துணை. விடியும் நேரத்தில் திரும்பி வருவார். இவன் ராத்திரி ராத்திரி எங்கே போய்விட்டு வருகிறான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. வேற மாதிரியான இடத்துக்குப் போறான்னே சிலர் முடிவு பண்ணிட்டாங்க. இவரும் மறுத்து எதுவும் சொல்ல முடியாது.

அந்தப் பயிற்சி எப்படி இருந்தது என்று தெரிந்தால் நம்ம ஊர் கராத்தே கிளாஸ் பிக்னிக் மாதிரி தெரியும். வீட்டின் பின்முற்றம். திண்ணையில் அசாட்டோ முறையான உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. மாணவன் ஒரு கட்டாவைச் செய்வான். கட்டா என்றால், தெரியாதவர்களுக்காக, கற்பனை எதிரிகளோடு தனியாகச் சண்டை போடும் ஒரு நிலையான வரிசை. அடி, தடுப்பு, திரும்பல் எல்லாம் முன்பே முடிவு செய்தது. முடித்ததும் ஆசான் திரும்பச் செய்யச் சொல்வார். முடித்ததும் மறுபடியும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஒரே கட்டா. எங்கே தப்பு என்று விளக்கம் வராது. திருப்தியானால் ஒரே ஒரு வார்த்தையில் பரவாயில்லை என்கிற மாதிரி சொல்வார். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அதுதான். அது வரும் வரை அடுத்த கட்டா கிடையாது. கண் சொருகி, விளக்கே தெரியாத அளவுக்குக் களைத்துப் போய் முற்றத்தில் நின்றிருக்கிறார் ஃபுனாகோஷி.

அசாட்டோவின் நெருங்கிய நண்பர் அன்கோ இதோசு. அவர் இன்னொரு மகா ஆசான், பீப்பாய் மாதிரி மார்பு. ஃபுனாகோஷி இரண்டு பேரிடமும் கற்றார். இதோசு என்ன செய்தார் தெரியுமா? டெக்கி என்று பின்னாளில் பெயர் பெற்ற மூன்று கட்டாக்களை மட்டும் பத்து வருஷம் செய்ய வைத்தார். தோராயமாக ஒரு கட்டாவுக்கு மூன்று வருஷத்துக்கு மேல். அந்த மூன்றில் முதலாவது இன்றைக்குப் பல இடங்களில் பிரவுன் பெல்ட் தேர்வில் கேட்கப்படுகிறது. செய்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. முன்னே பின்னே போகாமல் ஒரே நேர்கோட்டில், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டு பக்கவாட்டில் மட்டும் நகரும் கட்டா. பார்க்க ரொம்ப போர். அதைப் பத்து வருஷம்.

நான் முதலில் இதை ஒரு கொடுமையாகத்தான் படித்தேன். பத்து வருஷத்தில் நாம் பள்ளியின் பாதியையும் டிகிரியையும் முடித்துவிடுகிறோம். ஆனால் யோசித்தால், அந்தப் பயிற்சியில் முடிப்பது என்ற ஒன்றே இல்லை. சிலபஸ் இருந்தால்தானே முடிக்க. சிலபஸ் முடிந்ததால் விட்டுவிடும் நம்ம பழக்கம் அங்கே எடுபட வழியே இல்லை.

இருபது வயசுக்கு மேல் கல்யாணம். வீட்டில் பத்துப் பேர். சம்பளம் மாசத்துக்கு மூன்று யென். அவர் மனைவி தோட்டத்தில் காய்கறி போட்டார், ராத்திரி கண் விழித்து ஒகினாவாவுக்கே உரிய கசூரித் துணி நெய்தார். புருஷன் ராத்திரியெல்லாம் காசு வராத ஒரு வேலைக்குப் போய்வருவதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது மட்டுமில்லை, அலுப்பாக இருந்தால் அவரும் வெளியே போய்க் கட்டா செய்வாராம். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்தில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களைப் பிரித்துவிட்டுச் சமாதானம் செய்யும் ஆளும் அவர்தான். அந்தப் புத்தகத்தில் எனக்கு ஃபுனாகோஷியைவிட அதிகமாகப் பிடித்தவர் இவர்தான்னு சொன்னா நீங்க சண்டைக்கு வரக்கூடாது.

பதவி உயர்வும் வந்தது. ஏற்றுக்கொண்டால் தொலைவான ஊருக்கோ தீவுக்கோ மாற்றல் வரும், அசாட்டோ வீட்டு முற்றம் இருக்காது. வேண்டாம் என்றுவிட்டார். மூன்று யென் சம்பளத்தில், பத்துப் பேர் சாப்பிடும் வீட்டில் இருந்துகொண்டு. இதைத் தியாகம் என்று தூக்கி வைத்துப் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏன்னா அந்தப் பத்துப் பேரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவருக்குக் கொஞ்சம் கிறுக்கும் இருந்திருக்கிறது. ஒகினாவாவில் புயல் சகஜம். ஒரு புயல் நேரத்தில் கோவணத்தோடு கூரைமேல் ஏறி, ஒரு டட்டாமி பாயைக் காற்றுக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதே குதிரை நிலையில் நின்றிருக்கிறார். காற்றோடு பலம் பார்க்கிறாராம். கீழே சேற்றில் விழுந்தார், எழுந்து மறுபடி ஏறினார். மூன்று கட்டாவைப் பத்து வருஷம் செய்கிறவர் இந்த அளவுக்காவது இருக்க மாட்டாரா என்ன.

இனி சொல்லப்போவது எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம். ஒரு மாலை. மனைவியின் பெற்றோர் வீட்டுச் சாமி மாடத்தில் படைக்கக் கொஞ்சம் இனிப்புப் பண்டம் வாங்கிக்கொண்டு போகிறார். இரண்டு பக்கமும் பைன் மரங்கள், இருட்டிவிட்டது. இரண்டு பேர் வழிமறித்தார்கள். வம்புப் பேச்சு. பணம் கேட்டார்கள், இல்லை. புகையிலை கேட்டார்கள், புகைக்கும் பழக்கம் இல்லை. கடைசியில் கையில் இருப்பதைக் கேட்டார்கள். பல வருஷமாக ராத்திரி தூங்காமல் பயிற்சி செய்த மனிதர், ஒரு குத்தில் முடித்திருக்கலாம். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டார். அவர்கள் போய்விட்டார்கள்.

அடுத்த தடவை ஆசான்களிடம் இதைச் சொன்னார். இதோசு மனசாரப் பாராட்டினார். ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத அசாட்டோ புன்னகையோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பண்டம்தான் போய்விட்டதே, சாமிக்கு என்ன படைத்தாய்? ஒன்றும் இல்லாததால் மனசாரக் கும்பிட்டுவிட்டு வந்தேன் என்றார் ஃபுனாகோஷி. ஆசானுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1900களின் தொடக்கத்தில் இதோசுவின் முயற்சியால் கராத்தே ஒகினாவாவின் பள்ளிகளுக்குள் வந்தது. இருட்டில் நடந்தது பகலுக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று இதோசு அமைத்த ஐந்து கட்டாக்கள்தான் நாம் செய்யும் ஹெய்யான் ஐந்தும். 1921 மார்ச்சில் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ ஐரோப்பா போகும் வழியில் ஒகினாவாவில் இறங்கியபோது, ஷூரி அரண்மனையில் நடந்த கராத்தே காட்சிக்கு ஃபுனாகோஷிதான் தலைமை.

அடுத்த வருஷம் மே மாதம் டோக்கியோவில் கல்வி அமைச்சகம் உடற்பயிற்சிக் கண்காட்சி நடத்தியது. ஒகினாவா இவரை அனுப்பியது. அவருக்கு வயசு 53. கட்டா நிலைகளின் படங்களை மூன்று சுருள்களில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனார். காட்டிவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம். ஆனால் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் கோடோகான் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தார். அங்கே நூறு பேர் போலக் கூடியிருந்தார்கள். டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த ஷின்கின் கிமா என்ற ஒகினாவா இளைஞரோடு செய்துகாட்டினார். அதன் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். கொசுகி ஹோவான் என்ற ஓவியர், தனக்கும் நண்பர்களுக்கும் கற்றுத்தரச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப்போய், அவர் டோக்கியோவிலேயே தங்கிவிட்டார்.

53 வயசில் புது ஊர், கையில் காசு இல்லை. வாசலில் பார்த்த துடைப்பம் அங்கிருந்துதான் வருகிறது. ஹாஸ்டலில் ஒரு சின்ன அறைக்குப் பதிலாகக் காவல், பெருக்கல், தோட்ட வேலை. சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து மெஸ் பில்லைக் குறைத்துக்கொண்டார். (இந்த ஐடியா நம்ம மெஸ்ஸில் வேலைக்கு ஆகாது, விசாரித்துவிட்டேன்.) ஒரு தடவை எதுவும் இல்லாமல் போய், ஒரு பழைய தொப்பியையும் ஊரில் நெய்த ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று தூரமான ஓர் அடகுக் கடைக்குப் போனார். எதிர்பார்த்ததைவிட ரொம்ப அதிகமான தொகை கிடைத்தது. ஏன் என்று பின்னால்தான் தெரிந்தது: கடையில் வேலை பார்த்தவரின் தம்பி இவருடைய மாணவன்.

1922இலேயே முதல் புத்தகமும் வந்தது. 1923 செப்டம்பர் 1 அன்று வந்த பெரும் நிலநடுக்கமும் தீயும் டோக்கியோவோடு சேர்த்து அந்தப் புத்தகத்தின் அச்சுத் தகடுகளையும் அழித்தன. மாணவர்கள் சிலர் இறந்துபோனார்கள். பிழைத்த மாணவர்களோடு சேர்ந்து ஒரு வங்கியில் ஸ்டென்சில் எடுக்கும் வேலைக்குப் போனார் ஃபுனாகோஷி. சாயங்காலம் வகுப்பு நடந்தது.

1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கிளப் ஆரம்பித்தது. பிறகு மற்ற பல்கலைக்கழகங்கள். அதாவது உலகம் முழுக்கப் பரவிய கராத்தே, காலேஜ் கிளப்களில்தான் வளர்ந்தது. அதே வருஷம் ஏப்ரல் 12 அன்று ஏழு பேருக்கு முதல் பிளாக் பெல்ட் கொடுத்தார். கானோ ஜூடோவில் வைத்திருந்த டான் முறையை எடுத்துக் கராத்தேயில் சேர்த்தார், அந்த வெள்ளை உடையும் அங்கிருந்து வந்ததுதான். தனக்குக் கிடைக்காத அந்த ஒன்றை, அடையாளம் காட்டும் படிக்கட்டை, அவரே கட்டிக்கொடுத்தார். பையன்கள் வரணும்னா படிக்கட்டு வேணும்னு நினைச்சாரோ என்னவோ. நம்ம அலமாரியில் தூங்கும் பெல்ட்டின் கதை இங்கே ஆரம்பிக்கிறது.

பெயரையும் மாற்றினார். அதுவரை கராத்தே என்ற சொல்லை எழுதிய எழுத்துகளுக்குச் சீனக் கை என்று பொருள். அதே உச்சரிப்பு வரும் வேறு எழுத்தைப் போட்டு வெறும் கை என்று ஆக்கினார். ஆயுதம் இல்லாத கை, ஆசை கழன்ற மனம் என்று விளக்கம் சொன்னார். விளக்கம் அழகு. ஆனால் சீனாவோடு ஜப்பான் மோதத் தயாராகிக்கொண்டிருந்த வருஷங்களில் சீனா என்ற சொல் பெயரிலிருந்து போனது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஒகினாவாவில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு இருந்தது. 1936இல் நாஹாவில் ஆசான்கள் கூடிப் பேசி, அவர்களும் புதிய எழுத்தையே ஏற்றுக்கொண்டார்கள்.

1930களின் பிற்பகுதியில், ஏறக்குறைய எழுபது வயசில், அவருக்கென்று ஒரு கட்டடம் கிடைத்தது. நாடு முழுக்க மாணவர்கள் வசூல் செய்து டோக்கியோவில் கட்டிய டோஜோ. அதற்கு ஷோட்டோகான் என்று பெயர் வைத்தார்கள். ஷோட்டோ என்பது அவர் கவிதைகளுக்கு வைத்திருந்த புனைபெயர். பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலை என்று பொருள். ஷூரியில் அவர் ராத்திரி தனியாக நடந்த மலையில் கேட்ட சத்தம் அது. ஓவியர் கொசுகி வரைந்து கொடுத்த புலிதான் உங்கள் டிரெஸ்ஸின் மார்புப் பக்கத்தில் ஒட்டியிருந்த வட்டப் புலி.

மாணவர்களோடு அவருக்கு ஒரு தீராத சச்சரவு இருந்தது. இளைஞர்களுக்குக் கட்டா மட்டும் போதவில்லை. மோதிப் பார்க்கணும், யார் பெரியவன் என்று தெரியணும். தற்காப்புக் கவசம் போட்டுக்கொண்டு நிஜச் சண்டைப் பயிற்சி ஆரம்பித்த டோக்கியோ பல்கலைக்கழகக் கிளப்பிலிருந்து 1929இல் அவர் விலகிக்கொண்டார். அவர் பார்வையில் ஜெயிப்பதற்கு ஆள் தேடுகிறவன் வேறு ஏதோ செய்கிறான். இருபது வயசுப் பையன்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்து வருஷம் மூன்று கட்டா செய்ய எல்லாருக்கும் ஓர் அசாட்டோ கிடைப்பதில்லை.

அவர் மனைவி இந்தக் காலம் முழுக்க எங்கே இருந்தார்? ஒகினாவாவில். பிள்ளைகள் டோக்கியோவுக்கு வந்தார்கள், அவர் வரவில்லை. முன்னோர்களின் கல்லறையையும் வழிபாட்டையும் விட்டு வர முடியாது என்று இருந்துவிட்டார். அவரே எடுத்த முடிவு என்றுதான் ஃபுனாகோஷி எழுதுகிறார். கொஞ்ச நாளில் திரும்புவதாகக் கிளம்பிய மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் திரும்பிக் குடியேறவில்லை. வாழ்நாள் முழுக்க ஒன்றை விடாமல் செய்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது, அவர்கள் விட்டதையும் கணக்கில் எழுதணும்னு எனக்குத் தோணுது. அவர் வாழ்க்கைக் கணக்கில் இதுதான் பெரிய தொகை.

1945இல் எல்லாம் ஒன்றாகப் போனது. ஷோட்டோகான் டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்தது. மாணவர்களில் பலர் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. மூன்றாவது மகன் கிகோ காசநோயில் இறந்தார். ஷோட்டோகானின் பயிற்சியை முன்னின்று நடத்தியவர், அப்பாவின் வாரிசு என்று எல்லோரும் நினைத்தவர் அவர். ஒகினாவாவில் நடந்த போரில் ஷூரி தரைமட்டமானது. அவர் மனைவி அங்கிருந்து தப்பி கியூஷூ தீவின் ஓய்ட்டாவுக்கு அகதியாக வந்து சேர்ந்தார். ஃபுனாகோஷி டோக்கியோவை விட்டு அங்கே போனார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே வீட்டில். சாப்பாட்டுக்குக் கஷ்டம், அவருக்கு ஆஸ்துமா. 1947இல் இறந்துபோனார்.

அஸ்தியை எடுத்துக்கொண்டு கிழவர் ரயிலில் டோக்கியோ திரும்பினார். வழியில் சில ஸ்டேஷன்களில் பழைய மாணவர்கள் வந்து நின்றார்கள். சாப்பாடே இல்லாத காலத்தில், எந்த ரயிலில் வருகிறார் என்று விசாரித்து வந்திருந்தார்கள். தன் மனைவிக்கு அஞ்சலி செலுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் அதைப் புரிந்துகொண்டார். அழுதிருக்கிறார்.

இப்போது அந்த இனிப்புப் பண்டத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். போருக்குப் பின், அவர் எண்பதை நெருங்கிய சமயம். டோக்கியோவில் ஒரு ராத்திரி, மழை. குடை பிடித்துக்கொண்டு தனியாக வீடு திரும்புகிறார். ஓர் ஆள் இருட்டிலிருந்து பாய்ந்து மறித்தான். தாத்தாவிடம் பணம் கேட்டான், சிகரெட் கேட்டான். மறுபடியும் அதே காட்சி, அதே பட்டியல். கையில் இருந்தது காலி டிபன் பாக்ஸ். அவன் குடையைப் பிடுங்கி ஓங்கி அடித்தான். கிழவர் குனிந்து அடிக்குக் கீழே நுழைந்து, ஆண்களுக்கு எங்கே பிடித்தால் உலகமே நின்றுபோகுமோ அங்கே பிடித்துக்கொண்டார். அவனால் அசைய முடியவில்லை. ரோந்து வந்த போலீஸ்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். விசாரித்ததில், அவன் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காத ஆள். அந்த நிமிஷத்தில் தோன்றித்தான் மறித்திருக்கிறான்.

எந்த சினிமாவாக இருந்தாலும் இங்கே விசில் பறக்கும். ஃபுனாகோஷி இதை வெட்கத்தோடு எழுதுகிறார். மாணவர்களிடம் செய்யக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னதை, தானே முந்திக்கொண்டு கை வைத்ததை, இந்த வயசில் செய்துவிட்டேனே என்று வருத்தப்படுகிறார். அடிக்க வந்தவனைத்தானே பிடித்தார், இதில் என்ன தப்பு என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். இளமையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஆசான் முன்னால் போய் நின்ற ராத்திரியோடு அவர் இதை ஒப்பிட்டிருக்க வேண்டும். அப்போது அசாட்டோவும் இதோசுவும் இறந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தத் திண்ணை விளக்குக்கு முன்னால்தான் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார் போல. எண்பது வயசில் ஒரு கட்டாவில் தப்பு வந்துவிட்டது, திரும்பச் செய்யணும் என்கிற மாதிரி.

திரும்பச் செய்யவும் செய்தார். பழைய மாணவர்கள் 1949இல் ஜப்பான் கராத்தே சங்கத்தைத் தொடங்கி, அவரைக் கௌரவத் தலைவராக வைத்தார்கள். எண்பது தாண்டிய பிறகும் பல்கலைக்கழகக் கிளப்களுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார், தினமும் தானும் பயிற்சி செய்தார். 1957 ஏப்ரல் 26 அன்று இறந்தார். இறுதிச் சடங்கை யார் நடத்துவது என்று மாணவர்கள் இரண்டு அணியாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள், ஓர் அணி வரவே இல்லை. அதே வருஷம் அக்டோபரில் டோக்கியோவில் முதல் அகில ஜப்பான் கராத்தே சாம்பியன்ஷிப் நடந்தது. கட்டாவுக்கும் சண்டைக்கும் தனித்தனியாகப் பரிசுகள்.